காட்டுக்கலையும் எமது கைப்பழக்கமும்

நோர்வே நாட்டுப் பாடசாலைகளில் பயிலும் எமது பிள்ளைகளின் கால அட்டவணையிலே "தூர்" என்றொரு நாள் அடிக்கடி வருவதைப் பெற்றோர் அனைவரும் அறிவர். தூர் என்றதும் எமக்குக் கிணற்றின் அடியிலிருந்து வாரப்படும் தூரே நினைவுக்கு வரும். இந்நாட்டவர்க்கோ அச்சொல் காட்டிற்கும் மலைக்கும் போய்வருதலைக் குறிக்கும். அன்றைய தினம் பிள்ளை கம்பளி உள்ளாடை, மழையங்கி, நிலத்தில் இட்டு அமர ஒரு சிறு தகட்டுப் பாய், சுடுபானக் குடுவை ஆகியவற்றுடன் வரவேண்டும் என வகுப்பாசிரியரிடமிருந்து அறிவித்தல் வரும். சில வேளைகளில் அவ்வறிவித்தலின் இறுதி வரியில், விரும்பியோர் கத்தி கொண்டுவரலாம் என்றும் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரி எமது இல்லங்களில் உண்டாக்கும் கலவரம் சொல்லுந்தரமன்று. "பள்ளிக்கூடத்துக்குக் கத்தியோ?" என்று தாய் திகைப்பார். "காய்ச்சல் எண்டு ஒரு கடிதம் எழுதிக் குடும்" என்று தந்தை தீர்ப்பு வழங்குவார். பிள்ளை வீட்டில் நின்றுவிடும்.

அவ்வாறு வீட்டில் நின்றுவிடும் பிள்ளை எதனை இழக்கின்றது என்பதையும், அப்பிள்ளைக்கு அதனைக் கற்பிக்கக்கூடிய தாயும் தந்தையும் வீட்டிலேயே இருக்கின்றனர் என்பதையும் எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெற்றோரின் அச்சம் காரணமற்றதென்று நான் சொல்ல வரவில்லை. காடு என்னுஞ் சொல் எம்மிற் பலருக்கு ஓய்வையோ விளையாட்டையோ நினைவூட்டுவதில்லை. வன்னியின் காடுகளினூடே மழையிலும் இருளிலும் பிள்ளைகளைத் தோளிற் சுமந்து நடந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். பாம்பும் கண்ணிவெடியும் எறிகணையும் நிறைந்த இடமாகவே காடு அவர்தம் உள்ளத்திற் பதிந்துள்ளது. அத்தகையோர், நல்ல வீட்டையும் வெதுவெதுப்பான கட்டிலையும் விட்டுப் பணஞ் செலவிட்டுக் காட்டிற் போய்ப் படுக்கும் மனிதரைக் கண்டு திகைப்பது இயல்பே.

இந்நாட்டு மக்கள் இவ்வழக்கத்தை "ஃபிரிலுஃப்ற்ஸ்லிவ்" என்பர். திறந்த வெளியில் வாழ்தல் என்பது அதன் பொருள். நாடகாசிரியர் ஹென்றிக் இப்சன் 1859ஆம் ஆண்டில் எழுதிய நெடும்பாட்டொன்றில் இச்சொல்லை எடுத்தாண்டுள்ளார். 1868ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நோர்வே சுற்றுலாச் சங்கம் மலைகளிலே தங்குகுடில்களை அமைத்து, வழிநெடுகப் பாறைகளில் சிவப்பு வண்ணத்தில் "ரீ" எழுத்தைத் தீட்டி, நடப்போர்க்கு வழிகாட்டி வருகின்றது. யாவற்றுக்கும் மேலாக, 1957ஆம் ஆண்டின் திறந்தவெளி வாழ்வுச் சட்டம் பழைய வழக்காறு ஒன்றை எழுத்திலே உறுதிசெய்தது. பயிரிடப்படாத காடும் மலையும் யாருக்குச் சொந்தமாயினும், எவரும் அங்கே கால்நடையாகப் போகலாம், பனியிலே சறுக்கிச் செல்லலாம், காட்டுப்பழம் பறிக்கலாம், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றருக்கு அப்பால் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் வரை தங்கலாம். எல்லை வேலி ஓரடி நகர்ந்தமைக்காக இரண்டு தலைமுறை வழக்காடிய ஊர்களிலிருந்து வந்த எமக்கு இச்சட்டம் ஒரு கனவுபோலத் தோன்றுகின்றது. உரிமையாளருக்கு நன்றி கூடச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வயலும் புற்றரையும் வேறு. அவை உறைந்தோ பனி மூடியோ கிடக்கும் மாரி காலத்தில் மாத்திரமே அவற்றைக் கடக்கலாம். வீட்டு முற்றத்தில் எக்காலத்திலும் கால் வைத்தலாகாது.

காட்டுக்குப் போவோருள்ளே ஒரு தனி வகையினர் உளர். அவர்கள் தூரத்தை அளப்பதில்லை, சிகரத்தை எண்ணுவதில்லை. ஏதேனும் ஒரு மரத்தடியில் அமர்ந்து, கையிலுள்ள சிறு கருவிகளைக் கொண்டு நெருப்பு மூட்டவும், கரண்டி செதுக்கவும், கூரை கட்டவும், கயிறு திரிக்கவும் பழகுவர். ஆங்கிலத்தில் இதனைப் புஷ்கிராஃப்ட் என்பர். நான் இங்கே காட்டுக்கலை எனக் குறிப்பிடுகின்றேன். இதிலே போட்டியோ பரிசோ இல்லை. அண்மையில் தாம் செய்த பொருளையும் போய்வந்த இடத்தையும் ஒருவருக்கொருவர் காட்டிப் பேசி மகிழ்வதே இவர்களின் வழக்கம்.

ஒஸ்லோவின் குரூருடாலன் பள்ளத்தாக்கில் எம்மவர் பலர் வாழ்கின்றனர். அங்கே நிலக்கீழ் வண்டியின் கடைசித் தரிப்பிடங்களில் இறங்கிச் சிறிது நடந்தாற் காடு தொடங்கிவிடும். கடந்த இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எமது பெற்றோர் சிலரும் மாணவர்களும் அக்காட்டோரத்தில் இத்தகைய ஆர்வலர் சிலரோடு ஒரு பகல் முழுவதும் அமர்ந்திருந்தோம். பேருந்துச் சாரதி ஒருவர் தாம் அவ்வாண்டில் செதுக்கிய ஒன்பது கரண்டிகளைத் துணியில் விரித்து வைத்தார். மருத்துவத் தாதி ஒருவர் மான்தோலிற் கத்தியுறை தைத்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற மின்னியலாளர் ஒருவர் மூன்று கிழமைகளாகக் கடைந்தும் நெருப்பு வராத ஒரு கடைகோலைக் காட்டினார். இளைஞர் இருவர், தொங்கு படுக்கையில் உறைபனி இரவொன்றைக் கழித்துக் குளிரில் நடுங்கிய கதையைச் சொன்னார்கள். என் கருத்தைக் கவர்ந்தது யாதெனில், பழுதாகிப் போன வேலையையும் இவர்கள் மற்றதைப் போன்ற அதே மகிழ்ச்சியுடன் எடுத்துக் காட்டியமையே. எமது கூட்டங்களில் வெற்றிகளை மாத்திரமே மேசையில் வைப்பது வழக்கம்.

அவ்விளைஞர் நடுங்கியமைக்கு விடை எளிது. உறங்கு பையின் வெம்மைக்குக் காரணம் அதன் பஞ்சிலே சிறைப்பட்டு நிற்கும் காற்று. உடலின் பாரத்தால் முதுகின் கீழுள்ள பஞ்சு நசுங்கும்போது அக்காற்று வெளியேறிவிடும். தொங்கு படுக்கையின் அடியிலே குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினும் பயனில்லை; கீழே தான் போர்த்த வேண்டும். நிலத்திற் படுப்போருக்கும் இதுவே விதி. பிள்ளைகள் கொண்டுசெல்லும் சிறு தகட்டுப் பாயின் பயனும் இதுவே. ஆகவே அதனை வேண்டாத சுமையென்று பையிலிருந்து எடுத்து வைத்துவிடாதீர்கள்.

இனி நெருப்புக்கு வருவோம். காட்டுக்கலையின் உயிர் அதுதான்.

நெருப்பிற்கு வெப்பம், எரிபொருள், காற்று என்னும் மூன்றும் வேண்டும் என்று விஞ்ஞான பாடத்தில் மாணவர் மனனஞ் செய்திருப்பீர்கள். ஈரக் காட்டில் ஒரு தீக்குச்சியோடு நிற்கும்போதுதான் அதன் பொருள் விளங்கும். தடித்த விறகிற் குச்சியைப் பிடித்தால் விறகு சூடாகுமுன் குச்சி அணைந்துவிடும். எனவே மிக மெல்லியதிலிருந்து தொடங்கவேண்டும். இந்நாட்டவர் முதலில் நாடுவது வெண்பட்டைப் பேர்ச் மரத்தின் புறப்பட்டையை. அதிலே எண்ணெய்த் தன்மை மிகுதியாதலால் ஈரமாயிருந்தாலும் கரும்புகை விட்டு எரியும். அடுத்து, ஸ்புரூஸ் மரத்தின் அடிப்பகுதியில் உயிரற்று உலர்ந்து நிற்கும் சுள்ளிகள். மேற்கிளைகள் குடைபோல் மறைத்திருப்பதால் அவை மழையிலும் பெரும்பாலும் நனைவதில்லை. பைன் மரம் பட்டுப்போனபின் அதன் அடிக்கட்டையிற் பிசின் ஊறித் தேன்நிறமாகி நிற்கும். அதனைத் "தீரி" என்பர். அதிலொரு சிராய் மெழுகுவர்த்திபோல எரியும். எல்லாம் நனைந்திருந்தால், ஒரு விறகைப் பிளந்து அதன் உலர்ந்த நடுப்பகுதியைக் கத்தியாற் சீவி, சுருள்கள் குச்சியிலேயே ஒட்டியிருக்குமாறு விட்டு, அச்சுருள்களிற் பற்றவைப்பர்.

மாரிமழையில் ஈரவிறகோடு மல்லாடி அடுப்பு மூட்டிய எமது தாய்மாருக்கு இதில் எது புதியது? பன்னாடை, கொக்கறை, தென்னம்பாளை, ஊமல் என்று ஒவ்வொன்றையும் எப்போது வைப்பது, எதற்குமேல் எது என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். அன்று காட்டிலே தூறல் விழுந்து, இரண்டு முறை நெருப்பு அணைந்தபோது, எம்முடன் வந்த அம்மா ஒருவர் எழுந்துபோய், அடுக்கிய விறகைச் சற்றுத் தூக்கி, கீழே காற்றுப் புக இடம் விட்டு, குனிந்து ஊதினார். நெருப்புப் பிடித்துக்கொண்டது. ஊதுகுழல் இல்லாத குறை மட்டுமே என்று அவர் சொன்னதை அவருடைய மகள் நோர்வேஜிய மொழியில் பெயர்த்துச் சொன்னாள். அடுத்த முறை வரும்போது ஊதுகுழல் எவ்வாறிருக்குமென வரைந்து கொண்டுவரும்படி அந்தச் சாரதி கேட்டுக்கொண்டார்.

விறகைப் பற்றி இந்நாட்டவர் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் நோர்வே அரச தொலைக்காட்சி பன்னிரண்டு மணிநேரம் விறகைப் பற்றிய ஒளிபரப்பை நடத்தியது. அதிற் பெரும்பகுதி ஓர் அடுப்பிலே விறகு எரிவதைக் காட்டியமையே. விறகை அடுக்கும்போது பட்டை மேல்நோக்கி இருக்கவேண்டுமா கீழ்நோக்கி இருக்கவேண்டுமா என்று நேயர் இரு கட்சியாகப் பிரிந்து முறைப்பாடு செய்தனர்.

தீக்குச்சி இன்றித் தீ உண்டாக்குவதிலும் இவர்களுக்கு ஆர்வம் மிகுதி. இன்று பெரும்பாலோர் பையில் வைத்திருக்கும் தீப்பொறிக்கோல், ஒஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903ஆம் ஆண்டில் கண்டறிந்த கலப்புலோகத்தால் ஆனது. அதனைக் கத்தியின் முதுகாற் சுரண்டினாற் பொறி பறக்கும், நனைந்தாலும் கெடாது. ஆயினும் ஆர்வலர் மதிப்பது கடைந்து பெறும் நெருப்பையே. உலர்ந்த மென்மரப் பலகையில் ஒரு குழியும், குழியின் ஓரத்தில் ஒரு வெட்டும் இடவேண்டும். குழியிலே ஒரு கோலை நிறுத்தி, சிறு வில்லின் கயிற்றை அதிலே ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுக்கக் கோல் சுழலும். உராய்வில் எழும் கரிய தூள் வெட்டிலே குவிந்து, புகைந்து, ஈற்றில் தானாகவே கனன்று ஒரு சிறு தணலாகும். அத்தணலை உலர்ந்த நாரிலே பொதிந்து ஊதினால் நெருப்பு. மின்னியலாளர் காட்டிய பலகையில் வெட்டு மிக ஒடுக்கமாயிருந்தது. தூள் சேர இடமின்றிச் சிதறிப் போயிற்று என்பதே கூடியிருந்தோரின் முடிவு.

மாணவர்களே, இந்தக் கடைகோல் எமக்கு அந்நியமானதன்று. ஊரிலே தச்சர் மரத்திற் துளையிடப் பயன்படுத்திய துறப்பணத்தையும் வில்லையும் கண்ட பெரியோர் இங்கு உளர். வில்லும் கயிறும் சுழல்கோலும் என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றே. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னே புறநானூற்றில் அவ்வையார் அதியமானைப் பாடும்போது, வீட்டின் கூரையிறப்பிலே செருகி வைக்கப்பட்ட தீக்கடைகோலுக்கு அவனை ஒப்பிடுகின்றார். இருக்குமிடந் தெரியாமல் அடங்கியிருக்கவும் அவனுக்குத் தெரியும். வேண்டும்போது நெருப்பாய் வெளிப்படவும் தெரியும் என்பது கருத்து. அக்கோலின் பெயர் ஞெலிகோல். பரீட்சைக்காக இச்சொல்லின் பொருளை எழுதும் மாணவர், காட்டிலே ஒருமுறை கை வலிக்கக் கடைந்து பார்த்தால் அவ்வுவமையின் வலிமை நன்கு விளங்கும்.

கத்தியைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்வி முதலாவது சட்டம் பற்றியது. நோர்வேயில் பொது இடத்திற் காரணமின்றிக் கத்தி வைத்திருத்தல் குற்றம். தொழிலுக்கும் காட்டுப் பயணத்திற்கும் இவை போன்ற நேரிய நோக்கங்களுக்கும் கொண்டுசெல்வதற்கு விலக்குண்டு. எனவே தூர் நாளிலே கத்தி உறையோடு பையின் அடியில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பெற்றோரின் கையில் வரட்டும். மறுநாள் மறந்துபோய் அதே பையோடு பிள்ளை நகரத்துக்குப் போகாதிருத்தல் முக்கியம். பாடசாலை அனுமதித்தாலன்றிக் கொடுத்தனுப்பவே கூடாது. இரண்டாவது கேள்வி, பிள்ளை வெட்டிக்கொள்ளாதா என்பது. சில வேளை விரலிற் சிறு கீறல் விழும். சிறுவருக்கென விற்கப்படும் கத்தியில் முனை மழுங்கியிருக்கும். கை வழுக்காமற் பிடிக்கும் அலகுக்கும் இடையே தடுப்பு இருக்கும். அமர்ந்தே செதுக்கவேண்டும், அலகு உடலை விட்டு வெளிநோக்கிச் செல்லவேண்டும், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வேறொருவர் இருத்தலாகாது, எழுந்து நடக்குமுன் கத்தி உறைக்குள் போகவேண்டும். இவ்விதிகளை இந்நாட்டுக் குழந்தைகள் பாலர் பாடசாலையிலேயே பழகிவிடுகின்றனர். ஏழு வயதில் திருவலையில் தேங்காய் துருவியவர்களும், பத்து வயதில் அரிவாளோடு வயலில் நின்றவர்களும் இதற்கு அஞ்சுவது எனக்குச் சற்று நகைப்பாகவே இருக்கின்றது.

கரண்டி செதுக்குவோர் உலர்ந்த மரத்தை நாடுவதில்லை. ஈரம் வற்றாத பச்சை மரமே மென்மையாகச் சீவ வரும். முதலிற் கட்டையை நாரோட்டத்தின் வழியே பிளந்து, கோடரியால் உருவம் பிடித்து, நேர்க்கத்தியால் திருத்தி, வளைந்த கத்தியாற் குழிவைத் தோண்டுவர். பின்னர் அதனை விரைவில் உலரவிட்டால் வெடித்துவிடும் என்பதால், சீவிய தூளோடு காகிதப் பையிலிட்டு மெல்ல உலர்த்தி, ஆளிவிதை எண்ணெய் பூசுவர். இதற்காக வளரும் மரத்தை வெட்டவோ அதன் பட்டையை உரிக்கவோ எவருக்கும் உரிமையில்லை. சட்டம் தரும் சுதந்திரத்தில் அது அடங்காது. விறகுக்காக வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்தில் உரியவரைக் கேட்டுப் பெறவேண்டும்.

வடக்கே வாழும் சாமி இனத்தவர், பேர்ச் மரத்திற் கட்டிபோல் வீங்கி வளரும் முண்டைக் குடைந்து குடிகிண்ணம் செய்வர். அதற்குக் குக்சி என்று பெயர். முண்டில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அது இலகுவில் வெடிக்காது. அன்று ஒருவர் தம் குக்சியைச் சுற்றுக்கு விட்டபோது, எம்முடன் வந்திருந்த ஐயா ஒருவர் ஊரிலே கூழ் குடிக்கும் பிளாவைப் பற்றி எடுத்துரைத்தார். பனையோலைக்கு எங்கே போவது? விறகுக்கட்டையிலிருந்து கழன்ற பேர்ச் பட்டையைச் சுடுநீரிற் சற்று ஊறவைத்து, பனையோலையை மடக்குவது போலவே மடக்கி, ஒரு குச்சியாற் குத்திப் பிளா ஒன்றைச் செய்தே விட்டார். அதிலே தேநீர் ஊற்றினார்கள், ஒழுகவில்லை. இந்நாட்டவரும் முற்காலத்தில் அவ்வாறே பட்டையில் ஏனங்கள் செய்தவர்களாதலால், அம்மடிப்பின் நுணுக்கத்தை அறிந்துகொள்ள எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டனர். தேங்காய்ச் சிரட்டையில் இரு துளையிட்டுக் காம்பு செருகும் அகப்பையையும் அவர் சாம்பலிற் கோடு கிழித்து விளக்கினார். அவருடைய பேரன் அதுவரை தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தவன், அதனைப் பையிற் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினான்.

கூரை அமைப்பதைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகின்றது. காட்டுக்கலை ஆர்வலரிடம் உள்ள பொருள்களில் அவர்கள் மிக விரும்பிப் பேசுவது தறப்பாளைப் பற்றியே. எந்த அளவு, எந்த நிறம், எத்தனை வளையம், எவ்வாறு கட்டினால் மழைநீர் தேங்காது என்று நெடுநேரம் உரையாடுவர். நான் வன்னியில் ஆசிரியனாக இருந்த 2008ஆம் ஆண்டில், இடம்பெயர்ந்த பாடசாலைகள் மரநிழலில் நடந்தன. தறப்பாள் கிடைத்த வகுப்பு பேறுபெற்ற வகுப்பு. வீடும் அதுவே, வகுப்பறையும் அதுவே, சில நாட்களில் வைத்தியசாலையும் அதுவே. அந்தச் சொல்லைக் கேட்டதும் அதன் வெக்கையும் மணமும் எமக்கு வந்துவிடும். ஆகவே, தறப்பாளின் கீழ் விருப்பத்தோடு உறங்கப் போகும் பிள்ளையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தாயை நான் குறை கூறமாட்டேன்.

ஆயினும் ஒன்றைக் கண்டேன். அன்று மழை வலுத்தபோது சாய்ப்புக் கூரையொன்றைக் கட்டத் தொடங்கினார்கள். இந்நாட்டவர் அதனைக் "காபாஹுக்" என்பர். முன்புறம் திறந்து, பின்புறம் நிலத்தைத் தொடும் பத்தி அது. முன்னே எரியும் நெருப்பின் வெம்மையை உள்ளே தாங்கி வைத்திருக்கும். எமது தந்தையர் இருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, காற்று வரும் திசையைப் பார்த்து, பின்பக்கத்தைத் தாழ்த்தி, கயிற்றை இறுக்கி, நீர் வழிய ஒரு மூலையை இறக்கிக் கட்டினார்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. அவர்களில் ஒருவர் கிடுகு வேலிக்குக் குத்தூசி பிடித்த கை. மற்றவர் முகாமில் இரண்டு ஆண்டு இருந்தவர். எங்கே பழகினீர்கள் என்று ஒரு நோர்வேஜிய நண்பர் கேட்டார். முகாமில் இருந்தவர் சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு தம் மகன் மொழிபெயர்க்க, சொல்லத் தொடங்கினார். அம்மகனுக்குப் பதினான்கு வயது. தந்தையின் வாயிலிருந்து அவன் அவற்றைக் கேட்டது அதுவே முதல் முறை. சில இடங்களில் அவன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, தமிழிலேயே தந்தையிடம் கேள்வி கேட்டான். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இந்நாட்டின் பெரும் பயணி ஃபிரித்யோஃப் நான்சனின் வரலாற்றை மாணவர் படித்திருப்பீர்கள். அவர் தம் தோழர் ஜொஹான்சனுடன் 1895ஆம் ஆண்டின் மாரியை ஃபிரான்ஸ் யோசப் லாண்ட் என்னும் உறைபனித் தீவுக்கூட்டத்தில், கல்லடுக்கி வால்றஸ் தோலாற் கூரையிட்ட சிறு குழிவீட்டிற் கழித்தார். வால்றஸ் கொழுப்பே விளக்கும் அடுப்பும். கரடி இறைச்சியே உணவு. அதே நான்சன் 1921ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்தின் அகதிகளுக்கான உயர் ஆணையாளரானார். நாடற்றோருக்கு அவர் பெயரால் வழங்கப்பட்ட கடவுச்சீட்டு எல்லைகளைக் கடக்க உதவியது. 1922ஆம் ஆண்டின் சமாதானத்துக்கான நோபல் பரிசும் அவரைச் சேர்ந்தது.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கின்றேன். உடலோடு ஒட்டிக் கம்பளி, அதன்மேல் இன்னுமொரு தடித்த கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத அங்கி. பருத்தி உடை வேண்டாம். பருத்தி நனைந்தால் நீரைப் பிடித்துக்கொண்டு உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் அதன் சுருள்களிடையே காற்று நிற்பதால் ஓரளவு வெம்மை தரும். கடையிலே விலை உயர்ந்த கருவிகளுக்கு முன்னே மயங்கி நிற்கவேண்டாம். அன்றைய கூட்டத்திற் சிறந்த கரண்டியைச் செதுக்கியவரின் கத்திதான் எல்லாவற்றிலும் மலிவானது.

உணவுக்கும் ஒரு வார்த்தை. பிசைந்த மாவைக் குச்சியிற் சுற்றித் தணலிற் சுடும் அப்பத்தை இங்குள்ள குழந்தைகள் பெரிதும் விரும்புவர். எமது தாய்மார் அம்மாவில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்திருந்தார்கள். அது முதலில் முடிந்துபோயிற்று.

காட்டுப்பழங்களில் நீலநிறப் புளூபேரியும் சிவந்த லிங்கன்பேரியும் எங்கும் பறிக்கலாம். பொன்னிற முல்தே மாத்திரம் நூர்லாண்ட், துரோம்ஸ், பின்மார்க் ஆகிய வட மாநிலங்களில் தனி விதிக்குட்பட்டது. அங்கே நில உரிமையாளர் அதனைப் பறிப்பதைத் தடுக்கலாம், நின்ற இடத்தில் உண்பதைத் தடுக்க முடியாது. காளானைத் தெரியாமற் பறிக்காதீர்கள். உயிரைக் கொல்லும் வெண்காளான் ஒன்று இங்கே உண்டு. பார்வைக்கு உண்ணும் காளானைப் போலவே இருக்கும். ஐயமேற்பட்டால் நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம் 22 59 13 00. கோடையிற் காட்டிலிருந்து வந்ததும் பிள்ளையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி கடித்திருக்கின்றதா எனப் பார்க்கவேண்டும். இருந்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுக்கவேண்டும். பின்னைய நாட்களில் அவ்விடத்தில் சிவந்த வளையம் பரவினால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மலைக்குப் போவோருக்கு நோர்வேயில் ஒன்பது விதிகள் உண்டு. 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளிற் பதினெட்டுப் பேர் இறந்ததன் பின்னர் அவ்விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன. 2016ஆம் ஆண்டில் அவை திருத்தி எழுதப்பட்டன. முதலாவது விதி, பயணத்தைத் திட்டமிட்டு, எங்கே போகின்றோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பது. எட்டாவது விதியே இங்குள்ள மக்கள் அடிக்கடி நினைவுகூருவது: உரிய நேரத்தில் திரும்பவேண்டும், திரும்பி வருவதில் வெட்கமில்லை. பரீட்சையிலும் விளையாட்டிலும் பிள்ளைகளை முன்னே முன்னே என்று தள்ளிக்கொண்டிருக்கும் எம்மவர் காதிலும் இந்த எட்டாவது விதி சற்று விழுவது நல்லதென்று எண்ணுகின்றேன்.

நெருப்பு மூட்டும் காலத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரில் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, தீப் பரவும் ஆபத்து வெளிப்படையாகவே இல்லாத இடங்களிலன்றி, காட்டிலும் காட்டையண்டிய இடங்களிலும் நெருப்பு மூட்டுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஏனைய காலத்திலும் முன்னர் நெருப்பு மூட்டிய இடத்தையே பயன்படுத்துங்கள். வெறும் பாறையின்மேல் மூட்டினாற் பாறை வெடித்துச் சிதறும். அவ்வடு ஆயிரம் ஆண்டு சென்றாலும் மாறாது. இலைமக்கு நிறைந்த கரிய மண்ணில் மூட்டினால் நெருப்பு நிலத்துக்குள்ளே இறங்கி, நீங்கள் வீடு சென்று உறங்கியபின் வேறோரிடத்தில் எழும். தீயணைப்புப் படையின் இலக்கம் 110.

புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடவேண்டும். எரியாத கொள்ளிகளைப் பிரித்துப் பரப்பி, நீர் ஊற்றி, ஒரு குச்சியாற் சாம்பலைக் கிளறி, மீண்டும் நீர் ஊற்றவேண்டும். பிறகு யாராவது ஒருவர் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி நீர். அன்று அந்த வேலையை மாணவரிடமே விட்டோம். நீரோடைக்கு நான்கு முறை போய்வந்தார்கள்.